நீ வெட்டியெறிந்த பாதி வாக்கியம்

கண்ணு,

நேற்று நான் கேட்டதற்கு நீ போனில் அனுப்பிய பதிலைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை படித்தேன். இரண்டு முறையும் ஒரே மாதிரிதான் இருந்தது. "அந்த ஆளுக்கெல்லாம் பாவம் பாத்தா ஆகுமாப்பா?" என்று எழுதி, பக்கத்தில் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மூஞ்சி மூன்று. நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? மாஜி எம்.எல்.ஏ.வின் சம்சாரம் இறந்துபோனது, நீ ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு நடை வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போ என்றேன். அதற்கு மூன்று மூஞ்சி. போனில் பதில் தட்டலாம் என்று உட்கார்ந்தால் என் கட்டைவிரல் ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்தை அமுக்குகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நாளை உன் அம்மா உன் அறையைக் காலிபண்ண சரவணம்பட்டிக்கு வரும்போது கொண்டுவருவாள். சிரிக்காமல் கடைசிவரை படி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அப்பா அந்தக் கட்சிக்குப் போய்விட்டார் என்று நீயே கிளப்பிவிடுவாய். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. நேற்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஜெயித்துப் போன பிறகு தொகுதிப் பக்கம் அவர் தலை தெரிந்தது கல்யாணத்துக்கும் காது குத்துக்கும்தான். புறவழிச் சாலை நேராக வந்துகொண்டிருந்தது, அவர் மச்சானுடைய மில்லுக்குப் பக்கத்தில் வந்ததும் வளைந்தது, வளைந்து சின்னச் சின்னத் தென்னந்தோப்புகளுக்குள் புகுந்தது. நம்முடைய பந்தல் சாமான் வைக்கும் கொட்டகையும் அதில்தான் போயிற்று. மனு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலையில் போனவனைப் பொழுது சாயும்வரை கேட்டுக்கு வெளியே நிறுத்திவைத்தார்கள். உள்ளே இருந்து ஒருவர் வந்து, "இன்னிக்கு ஆவாதாமுங்க, இன்னொரு நாளைக்கு வாங்க" என்று அத்தனை மரியாதையாகச் சொன்னார். நாயைத் துரத்தும்போதும் 'போங்க' என்று சொல்கிற ஊர் நம் ஊர் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள் அல்லவா, அன்றைக்கு அந்தக் கேலி எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆகவே அவருக்காக வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை.

முப்பது வருஷமாக மைக்செட் போடுகிறேன். எல்லாக் கட்சிக்கும் போட்டிருக்கிறேன், எல்லாச் சாமிக்கும் போட்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் பாதி வேலை சத்தத்தைக் கூட்டுவது, மீதி வேலை குறைப்பது. மேடையில் பேசுகிறவர் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிப் பக்கத்து ஆளிடம் ஏதாவது சொல்கிறார் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நம் கை போய்க் குமிழைத் திருகிவிட வேண்டும். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தன்னால் வந்த பழக்கம். நீ எட்டாவது படிக்கும்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்கு என்னோடு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பெண்ணின் மாமா மணமக்களை வாழ்த்திப் பேசி முடித்த கையோடு, மைக்கைக் கையில் பிடித்தபடியே தன் தம்பியிடம் மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி ஏதோ சொன்னார். நான் முன்பே குறைத்துவிட்டேன், நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் கேட்டது. "ஏப்பா கொறைச்சீங்க? நல்லா இருந்திருக்குமே" என்று கேட்டாய். "அவரு நம்மகிட்டப் பேசலியே கண்ணு" என்றேன். உனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாய்.

இனி அந்தச் சாயங்காலக் கூட்டத்துக்கு வருகிறேன். தேர்தலுக்கு முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் அவர் ஓட்டுக் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை என்பதால் நீயும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். காலனிப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் காலிக் குடத்தோடு எழுந்து நின்றார்கள். முன்னால் நின்றது சரஸ்வதி, நூல் மில்லுக்குப் போகிற பெண், இடுப்பில் கைக்குழந்தை. "ஓட்டு அப்பறம் கேளுங்க, தண்ணி எப்ப வருமுங்க?" என்று கேட்டாள். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஒன்றியச் செயலாளர் பக்கம் திரும்பினார். மைக்கைப் பொத்தினால் சத்தம் போகாது என்று நினைக்கிற தலைவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் திரும்பியதை நான் பார்த்தேன். என் கை குமிழின் மேல்தான் இருந்தது. நான் குறைக்கவில்லை.

மறந்துபோனேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், வயசாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். இரண்டும் பொய். அந்த ஒரு நொடியில் அவர் வீட்டுக் கேட்டும் நான் நின்ற நிலையும்தான் கண்ணில் வந்தன. பேசட்டும், ஊர் கேட்கட்டும் என்று கையை அப்படியே வைத்திருந்தேன். முப்பது வருஷத்தில் ஒரு கல்யாணத்துக்காரனுக்குக் கூடச் செய்யாததை அன்றைக்கு வேண்டுமென்றே செய்தேன். இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. செய்தபோது வெட்கமாக இல்லை, ஜம்மென்று இருந்தது.

அவர் சொன்னது முழுசும் இதுதான்: "இதுகள உட்டா விடிய விடியக் கத்தும். ரண்டு வண்டி தண்ணி அனுப்பியுடு. பாவம், கைக்கொழந்தையத் தூக்கிக்கிட்டு நிக்குதுக." மைதானத்தில் முதல் வாக்கியம் கேட்டதுமே கூச்சல் கிளம்பிவிட்டது, அதற்குப் பிறகு அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. ஆனால் நம் மிக்சரில் செருகியிருந்த பென் டிரைவில் எல்லாம் விழுந்திருந்தது. அதை நீ ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாய். முதல் ஐந்து வார்த்தையை மட்டும் வெட்டி, சரஸ்வதி குடத்தோடு நிற்கும் படத்தை மேலே வைத்து, பின்னால் தவளைச் சத்தத்தைச் சேர்த்து, உன் பெயர் இல்லாத ஒரு கணக்கில் போட்டாய். மறுநாள் பொழுதுக்குள் நம் ஜில்லாவே அதைக் கேட்டுவிட்டது. புறவழிச் சாலைக்கோ, மில்லுக்கோ, வராத தண்ணீருக்கோ வராத கோபம் அந்த ஒரு 'இதுக'வுக்கு வந்தது. பெற்ற பிள்ளையைக் கூட 'ங்க' சேர்த்துக் கூப்பிடுகிற ஜனத்தைப் பார்த்து 'இதுக கத்தும்' என்றால் யார் விடுவார்கள்? அவர் தோற்றார், சாதாரணத் தோல்வி இல்லை, டெபாசிட்டே போயிற்று. டீக்கடையில் நானும் சிரித்தேன். ஒரு டீக்கு இரண்டு டீ குடித்தேன்.

ஆனால் 'அதுக, இதுக' என்று நாமே ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று யோசித்துப் பார். உன் அத்தை பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் உன் அம்மா, "பாவம், அதுக என்ன பண்ணும்" என்றுதானே ஆரம்பிப்பாள்? அந்த வார்த்தையில் இளப்பமும் இருக்கிறது, பிரியமும் இருக்கிறது. எது என்று தெரிய அடுத்த வாக்கியம் வேண்டும். நீ வெட்டியது அந்த அடுத்த வாக்கியத்தை. அதைக் கேட்டாலும் அந்த ஆள் யோக்கியர் ஆகிவிட மாட்டார், எனக்குத் தெரியும். அலட்சியமும் அதில் இருக்கிறது, கொஞ்சம் இரக்கமும் இருக்கிறது. பெரும்பாலான மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். நீ அவரைக் கெட்டவர் ஆக்கவில்லை, அது அவரே செய்துகொண்டது. அரை மனிதராக ஆக்கிவிட்டாய்.

அன்றைக்கே இதை உன்னிடம் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? "மைக் இல்லாதப்பப் பேசறதுதாம்ப்பா நெசமான பேச்சு" என்றாய். சரி, வைத்துக்கொள். அப்படியானால் 'பாவம்' என்று சொன்னதும் மைக் இல்லை என்று நினைத்துச் சொன்னதுதானே? அது மட்டும் எப்படிப் பொய்யாகிப் போனது? நீ ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டாய். நானும் அதோடு விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

போன மாதம் அவருடைய சம்சாரம் இறந்துபோனது. கூட்டம் கூட்டமாக ஆள் நிற்கிற வீட்டில் அன்றைக்குப் பந்தல் போட ஆள் இல்லை. காலையில் அவரே போன் பண்ணினார். "ஏனுங்க, ரண்டு பேரு வேற சோலி இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க. நீங்க கொஞ்சம் வாரீங்களா?" என்றார். சாமியானாவும் நாற்காலியும் குளிர்பெட்டியும் ஏற்றிக்கொண்டு போனேன். வந்திருந்த சனம் நாலு வரிசை நாற்காலிக்குக் காணாது. வாசலில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள், நடுவில் அவருடைய தங்கை. அப்போது ரோட்டில் ஒரு பைக்கில் மூன்று பையன்கள் வந்தார்கள். கேட்டுக்கு நேரே மெதுவாக்கி, தவளை மாதிரி கத்தி, "இதுகள உட்டா விடிய விடியக் கத்தும்!" என்று கூவிவிட்டுப் போனார்கள்.

அவருடைய தங்கை அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மாவும் நிறுத்தியது. ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பெண்களும் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்கள். அப்புறம் எடுக்கும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாக அழவில்லை. நான் எத்தனையோ எழவு வீட்டில் வேலை செய்திருக்கிறேன், கண்ணு. அழுகைச் சத்தம் தாங்காமல் வெளியே போய் நின்றிருக்கிறேன். அழ வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு பெண்பிள்ளையை வழியனுப்பியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். செத்துப்போன அந்த அம்மா ஓட்டுக் கேட்டதா, ரோட்டை வளைத்ததா? அந்தப் பையன்கள் மேல் வந்த கோபத்தைவிட உன் மேல் வந்தது அதிகம். உன் மேல் வந்ததைவிட என் கை மேல் வந்தது அதிகம்.

மூன்றாம் நாள் சாமியானா பிரிக்கப் போனேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"அந்தச் சத்தம் உங்க பொட்டியில இருந்துதான் போச்சுன்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க. கூட்டத்துல நிக்கறவன் போன்ல எடுத்தா அத்தன தெளிவா வராது. உங்களுக்கு என்ன கோவமோ தெரியலீங்க, நான் உங்களுக்கு ஒன்னும் பண்ணலியே."

ஒன்றும் பண்ணவில்லையாம்! நான் கேட்டில் நின்ற நாள் அவர் நினைவிலேயே இல்லை. நடிக்கவில்லை, நிஜமாகவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, "தப்பு எம்மேலதானுங்க, நாங் கொறைச்சிருக்கோணும்" என்றேன். வெட்டினது யார் என்று அவர் கேட்கவில்லை, நான்தான் என்றே முடிவு செய்துவிட்டார். நானும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"போனது போச்சுங்க. முழுசும் உங்ககிட்ட இருக்குமில்லீங்க? உள்ளாட்சித் தேர்தல் வருது. ஊட்டுலயும் இப்பிடி ஆயிப்போச்சு. இந்த நேரத்துல அது வெளிய வந்துச்சுன்னா ஒரு அனுதாபம் கெளம்புமுங்க."

அவர் தலைக்குப் பின்னால் அந்த அம்மாவின் படத்துக்கு முன் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. இவர் தேர்தல் பேசுகிறார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. எழுந்த வேகத்தில், சாவு வீட்டில் சொல்லக் கூடாது என்பதே மறந்துபோய், "வாரேனுங்க" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க, எடுத்துக்கிட்டு வாங்க" என்றார். பென் டிரைவோடு திரும்பி வருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்ததாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் குதித்தேன். "ஏனுங்க, அந்த மனுசனுக்குப் போயி எரக்கப்பட்டு இப்பக் குதிக்கறீங்களே, உங்களுக்கு இது வேணுமுங்களா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். நேற்று நீ மூன்று மூஞ்சி போட்டுக் கேட்டதை அன்றைக்கு ஒரு நிமிஷம் நானே கேட்டுக்கொண்டேன். அவர் திருந்தவில்லை. வருத்தம் தெரிவிக்கவில்லை. சம்சாரம் செத்ததைக் கூடத் தேர்தல் சின்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இவருக்கு எதற்கு அனுதாபம்?

இதை இரண்டு நாள் மண்டைக்குள் போட்டு உருட்டினேன். நம் பக்கத்தில் அனுதாபம் என்ற வார்த்தையை யாராவது தனியாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அனுதாப ஓட்டு என்போம், அனுதாப அலை என்போம். தலைவர் செத்தால் அலை, தலைவர் அழுதால் அலை. வார்த்தையைத் தேர்தலுக்கு வாடகைக்கு விட்டுவிட்டோம், அதனால் வருத்தப்படுவது என்றாலே ஓட்டுப் போடுவது என்று நீயும் நினைக்கிறாய், அவரும் நினைக்கிறார். அந்த விஷயத்தில் உனக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, கோபித்துக்கொள்ளாதே. அவர் ரோட்டை வளைத்ததற்கும் தண்ணீர் விடாததற்கும் என்ன தண்டனையோ அதை ஊர் வரிசையில் நின்று கொடுத்தாயிற்று. நானும் கொடுத்தேன், மறுபடி நின்றால் மறுபடி கொடுப்பேன். அதற்கு மேலே அவர் வீட்டுச் சாவில் வந்து கத்த யாருக்கும் உரிமை இல்லை. நல்லவர்களுக்கு மட்டும்தான் இரக்கம் என்றால் எனக்குக் கிடைக்காது. குமிழைத் திருகாத என் கைக்கும் கிடைக்காது, வெட்டிய உன் கைக்கும் கிடைக்காது.

அப்புறம்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் சொன்னது நம்மைப் பற்றியே இல்லை. அவருக்கு இரக்கம் காட்டலாமா கூடாதா என்று நாம் இரண்டு பேரும் மல்லுக்கட்டுகிறோம், சம்பந்தப்பட்டவளிடம் யாரும் கேட்கவில்லை. சரஸ்வதி ஷிப்டு முடிந்து மில் பஸ்ஸில் இறங்கும்போது நிறுத்தி, முழுசையும் போனில் போட்டுக் காட்டினேன். நீ செய்த காரியம் அவளுக்கு என்ன செய்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டிலிருந்து இன்னும் தவளைச் சத்தம் வருகிறதாம். அவர் மேடையில் சொன்னதை மைதானம் ஒரு வாரத்தில் மறந்திருக்கும். நீ அதை அவள் படத்தில் ஒட்டி நிரந்தரமாக்கிவிட்டாய். அவளுக்கு நியாயம் வாங்கித் தருகிறேன் என்று நினைத்துத்தானே போட்டாய்?

அவள் இரண்டு தடவை கேட்டாள். மில் காப்பகத்திலிருந்து தூக்கிவந்த குழந்தை போனைப் பிடுங்கப் பார்த்தது.

"பாவம்னு சொன்னாருங்களாக்கும்" என்றாள். "செரி. ரண்டு வண்டி தண்ணி வந்துச்சுங்களாண்ணா?"

வரவில்லை. அவர் அனுப்பச் சொன்னதும் நிஜம், அது வராததும் நிஜம்.

"யாருங்ணா பாதியில வெட்டுனது?" என்று அடுத்துக் கேட்டாள். "தெரியலம்மணி" என்றேன். உனக்காக நான் சொன்ன பொய் அது. அப்புறம் எழவு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. "அந்தக்காவோட எழவுலயா? என்ற பேரச் சொல்லியா கத்துனானுங்க?" என்றாள். அவள் பெயரை யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு அப்படித்தான் பட்டது. "நா ஒரு எட்டுப் போயிட்டு வரோணுமுங்ணா" என்றாள்.

மறுநாள் என் டெம்போவில்தான் போனாள், இன்னும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு. நேரே பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்து அவருடைய தங்கையின் கையைப் பிடித்தாள். தங்கை அவளை அடையாளம் கண்டுகொண்டது. படத்தைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்களே. அப்படியே சரஸ்வதியின் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழ ஆரம்பித்தது. எத்தனை நாளாக அடக்கிவைத்ததோ, வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

அவர் எழுந்து வந்தார். கும்பிட்டார். சரஸ்வதியும் எழுந்து நின்றாள்.

"அக்கா போனது எங்களுக்கும் வருத்தந்தானுங்க" என்றாள். அப்புறம் அதே மூச்சில், "தண்ணி இன்னும் வரலீங்க" என்றாள்.

"நா இப்பப் பதவியில இல்லீங்களே அம்மணி."

"இருந்தப்பவும் வரலீங்க."

அதோடு தலையை அசைத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடந்து வெளியே வந்தாள், சாவு வீட்டிலிருந்து எப்படி வர வேண்டுமோ அப்படி. என் மாதிரி வாரேன் என்று உளறவில்லை. எலக்சன் பேச்சு அவர் வாயிலிருந்து அன்றைக்கு வரவில்லை. டெம்போவில் வரும்போது, "அடுத்த தடவ அவருக்கு ஓட்டுப் போட்டுருவியாட்ட இருக்குது" என்று சும்மா சீண்டினேன். "அவருக்கா? ஏனுங்ணா, அது வேற, இது வேறயில்லீங்களா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். இரண்டு நாள் நான் மண்டையை உடைத்துக்கொண்டதை அவள் குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

சென்னையில் நீ சேரப்போகிற வீடியோ வெட்டுகிற வேலைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் கேட்கப் போகிறாயா என்ன? அங்கே உனக்கு இதே வேலைதான் கொடுப்பார்கள், தினம் ஒரு ஆள், தினம் ஐந்து வார்த்தை. உன் கைக்கும் என் கைக்குத் தெரிந்த அளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பென் டிரைவை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். முழுசையும் அதே கணக்கில் போடு. முழுசு என்றால் 'பாவம்' என்று சொன்னதும், அதற்குப் பிறகும் தண்ணீர் வராததும் சேர்த்துத்தான். அவருக்கு அனுதாபம் கிளம்பினால் கிளம்பட்டும், கிளம்பாவிட்டால் போகட்டும், அது உன் பொறுப்பும் இல்லை, என் பொறுப்பும் இல்லை. சரஸ்வதியின் படத்தை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடு.

சனிக்கிழமை காலையில் வந்து சேர். அவர் வீட்டுக்கு என்னோடு வா, நான் வாய் தவறிச் சொன்ன வாரேனையும் தீர்த்துவிடலாம். வெட்டியது நான்தான் என்று நீயே சொல். அவர் திட்டினாலும் கேட்டுக்கொள், அதை வைத்து ஆதாயம் தேடினாலும் கேட்டுக்கொள். ஆனால் அதற்கு முன்னால் சரஸ்வதி வீட்டுக்குத் தனியாகப் போ, நான் வர மாட்டேன். மைக்செட் அண்ணன் பையன் என்று உன்னை உட்காரச் சொல்வாள், உட்கார்ந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அந்தத் தண்ணீர் எத்தனை தூரம் குடத்தில் சுமந்து அந்த வீட்டுக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். உடனே குடித்துவிடாதே. முதலில் சொல். சொல்லி முடித்த பிறகும் அவள் அந்தச் சொம்பை எடுக்காமல் விட்டால், குடி.

அப்பா